சுகருக்குச் சப்பாத்தியா, பருப்பா? டொரண்டோவில் கிடைத்த பதில்

சுகர் என்று டாக்டர் சொன்ன அன்றே தமிழர் வீட்டில் மாறுவது ராத்திரிச் சாப்பாடுதான். சோறு போய்ச் சப்பாத்தி வந்துவிடும். மதுரையிலும் இப்படித்தான், யாழ்ப்பாணத்திலும் இப்படித்தான், சிங்கப்பூர், லண்டன், ஸ்கார்பரோ எங்கே போனாலும் இப்படித்தான். நாடு மாறி, குடியுரிமை மாறி, பிள்ளைகளின் பேச்சு மாறிய பிறகும் மாறாத வைத்தியக் குறிப்பு இது: காபியில் சீனியை நிறுத்து, அரிசியைக் குறை, கோதுமைக்கு மாறு. இதை யார் சொன்னார்கள், எதை அளந்து பார்த்துச் சொன்னார்கள் என்று நாம் கேட்பதில்லை.

எனக்குக் கேட்க வேண்டிய அவசியம் வந்தது. வயது 37, ஒல்லியான உடம்பு, நாள் முழுக்கக் கணினி முன்னால் வேலை, அப்பா வழியில் மூன்று பேருக்குச் சுகர். இந்த வருட ரத்தப் பரிசோதனையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஏ1சி 6.1 என்று வந்தது. கனடாவில் 6.0 முதல் 6.4 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்தைய நிலை என்கிறார்கள். அமெரிக்காவில் அந்தக் கோடு 5.7-லேயே தொடங்குகிறது. அதாவது நயாகராவுக்கு அந்தப் பக்கம் குடியிருந்தால் என்னை இன்னும் முன்னாலேயே எச்சரித்திருப்பார்கள்! டாக்டர் ஐந்து நிமிடம் பேசி, ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அதில் ஒரு தட்டு. தட்டில் ப்ரோக்கோலி, சால்மன் மீன், கோதுமை பிரெட். "சர்க்கரையைக் குறையுங்கள்" என்றார். நான் காபியில் சர்க்கரையை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது.

அதன் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க ஓர் ஆச்சரியம். இந்தக் கேள்விக்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டு பதில் தேடிய மனிதர் நம்ம ஊர்க்காரர், அதாவது டொரண்டோக்காரர். கென்னடி ஸ்டேஷனில் சப்வே ஏறினால் முக்கால் மணி நேரத்தில் அவருடைய ஆய்வுகள் நடந்த செயின்ட் மைக்கேல்ஸ் மருத்துவமனை வந்துவிடும். பெயர் டேவிட் ஜென்கின்ஸ். லண்டனில் பிறந்து, ஆக்ஸ்ஃபோர்டில் படித்து, டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். பாக்கெட்டுகளிலும் டயட் புத்தகங்களிலும் 'ஜி.ஐ.' என்று பார்த்திருப்பீர்களே, அந்தக் கிளைசெமிக் இண்டெக்ஸ் அவருடைய குழுவின் வேலை.

1981-ல் அந்தக் கட்டுரை வந்தது. அதுவரை இருந்த நம்பிக்கை சுலபமானது: சர்க்கரை வேகமாக ரத்தத்தில் ஏறும், மாவுச்சத்து மெதுவாக ஏறும், மற்றபடி ஒரு கிராம் மாவுச்சத்து எங்கிருந்து வந்தாலும் ஒன்றுதான். நோயாளிகளுக்குக் கொடுத்த உணவுப் பட்டியல்கள் எல்லாம் இந்தக் கணக்கில்தான் போடப்பட்டன. ஜென்கின்ஸும் தாமஸ் வோலவர் முதலிய சக ஆய்வாளர்களும் செய்தது ரொம்ப எளிய காரியம். இரவு முழுக்கப் பட்டினி இருந்தவர்களுக்கு 50 கிராம் மாவுச்சத்து கிடைக்கும் அளவுக்கு ஓர் உணவைக் கொடுத்து, இரண்டு மணி நேரம் விட்டு விட்டு விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையை அளந்தார்கள். குளுக்கோஸ் குடித்தால் ஏறுவதை 100 என்று வைத்துக்கொண்டு, ஒவ்வோர் உணவுக்கும் ஓர் எண். இப்படி 62 உணவுகள்.

வந்த எண்களைப் பாருங்கள். நாம் பயப்படுகிற சர்க்கரை 59. வெள்ளை அரிசி 72. வெள்ளை பிரெட் 69. சரி, முழுக்கோதுமை பிரெட்? அதுவும் 72! கார்ன்ஃப்ளேக்ஸ் 80. நம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் அவசரத்தில் கிண்ணத்தில் கொட்டிக்கொள்வது அதைத்தான். ஐஸ்க்ரீம் 36 என்று வந்தது வேறு கதை. கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும், அதற்காக ஐஸ்க்ரீமை மருந்தாக்க முடியாது. அந்தப் பட்டியலில் கடைசி வரிசையில், எல்லாவற்றையும்விட மெதுவாக ஏறும் கூட்டமாக ஒன்று நின்றது. பருப்பும் பயறும். சராசரி 31. கொண்டைக்கடலை 36, மைசூர்ப் பருப்பு இனம் 29, சோயா 15.

மாவுச்சத்து எப்படிச் சர்க்கரையை முந்தியது? வயிற்றுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்தால் புரிந்துவிடும். மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மணிகளைக் கோத்த நீண்ட மாலை. பச்சை அரிசியில் அந்த மாலைகள் இறுக்கமாகச் சுருண்டு கிடக்கும். வேகவைக்கும்போது தண்ணீர் குடித்து உப்பி அவிழ்ந்துவிடும். அவிழ்ந்த மாலையை வெட்டும் வேலையை வாயில் எச்சிலிலுள்ள அமைலேஸ் நொதி ஆரம்பிக்கிறது, சிறுகுடலில் கணையத்தின் நொதி தொடர்கிறது. எல்லாமே குளுக்கோஸ், அப்படியே ரத்தத்துக்கு. சீனியிலோ பாதிதான் குளுக்கோஸ். மீதிப் பாதி ஃப்ரக்டோஸ். அது கல்லீரலுக்குப் போய்விடுவதால் ரத்தக் குளுக்கோஸ் கணக்கில் அதிகம் தெரியாது. (அதனால் சீனி நல்லது என்று அர்த்தமில்லை. கல்லீரலுக்குப் போவது வேறு தொல்லை.)

கணினிக்காரர்களுக்கு இது பழகிய விஷயம். ஒரு நாளில் சர்வருக்கு எத்தனை லட்சம் கோரிக்கை வருகிறது என்பது பெரிய கவலை இல்லை. ஒரே நொடியில் எத்தனை வந்து மோதுகிறது என்பதுதான் கவலை. அதே 50 கிராம் இருபது நிமிடத்தில் ரத்தத்தில் கொட்டினால் கணையம் இன்சுலினை அள்ளி வீச வேண்டும். மூன்று மணி நேரம் எடுத்துச் சொட்டுச் சொட்டாக வந்தால் சமாளித்துவிடும். நம் தெற்காசிய உடம்புக்கு இந்தச் சமாளிக்கும் சக்தி சீக்கிரமே, அதுவும் ஒல்லியாக இருக்கும்போதே, குறைய ஆரம்பித்துவிடுகிறது.

ஜென்கின்ஸுக்கு இந்த 'மெதுவாக' என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? கொத்தவரங்காயிலிருந்து. கேலி இல்லை. 1970-களில் பிரிட்டனில் இருந்தபோது அவர் குவார் கோந்தை வைத்து ஆய்வு செய்தார். ராஜஸ்தானில் ஏராளமாக விளையும் கொத்தவரை விதையிலிருந்து எடுக்கும் கோந்து அது. ஐஸ்க்ரீம் கெட்டியாக இருக்கப் போடுவார்கள். அதைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கொடுத்தால் சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை குறைகிறது என்று 1976-ல் லான்செட்டில் எழுதினார். 1978-ல் அடுத்த படி: அந்தக் கோந்தின் பிசுபிசுப்பை உடைத்துவிட்டுக் கொடுத்தால் பலன் போய்விடுகிறது. ஆக, நார்ச்சத்து என்ற பெயரைவிட அந்த வழவழப்புதான் வேலை செய்கிறது. குடலுக்குள் உணவைக் கூழாக்கிப் பிடித்து வைத்து, நொதியும் குளுக்கோஸும் சுவரை எட்டுவதைத் தாமதப்படுத்துகிறது. நாம் சாப்பிடும் பிஞ்சுக் கொத்தவரங்காயில் விதைக் கோந்து அவ்வளவு இருக்காது, பொரியல் மருந்தாகிவிடாது. ஆனாலும் அம்மா தட்டில் வைக்கும்போது முகம் சுளித்த காய்க்கு இப்படி ஒரு வரலாறு இருக்கிறது என்று தெரிந்ததில் எனக்கு ஒரு சந்தோஷம்.

பருப்புக்கு வருகிறேன். விஷயம் அங்கேதான் இருக்கிறது.

பயறுகளில் மாவுச்சத்து தடித்த செல் சுவர்களுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. நொதி உள்ளே நுழையவே நேரம் பிடிக்கும். எளிதில் அவிழாத அமைலோஸ் அதிகம். புரதமும் வழவழப்பான நார்ச்சத்தும் கூடவே. 1982-ல் ஜென்கின்ஸ் குழு பருப்பை நான்கு விதமாகச் செய்து பார்த்தது. 20 நிமிடம் வேகவைத்தது, வேகவைத்து மிக்ஸியில் அடித்தது, ஒரு மணி நேரம் வேகவைத்தது, வேகவைத்த பின் சுமார் 120 டிகிரி சூட்டில் 12 மணி நேரம் உலர்த்தியது. முதல் மூன்றும் ஒன்றுபோல மெதுவாகவே ஏறின. உலர்த்தியது மட்டும் வேகமாக ஏறியது. குக்கரில் குழைய விட்டால் சத்து போய்விடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு இது நல்ல செய்தி. ஆலையில் பக்குவம் செய்து பொடியாக வரும் 'உடனடி' சமாச்சாரங்களைத்தான் கொஞ்சம் சந்தேகிக்க வேண்டும்.

அதே வருடம் இன்னொன்றும் கண்டார்கள். காலையில் பருப்பு சாப்பிட்டவர்களுக்கு, நான்கு மணி நேரம் கழித்துச் சாப்பிட்ட மதியச் சாப்பாட்டின் சர்க்கரை ஏற்றமும் குறைந்தது. காலையில் முழுக்கோதுமை பிரெட் சாப்பிட்டவர்களுக்கு அப்படி இல்லை. மதியம் இருவரும் சாப்பிட்டது ஒன்றேதான்.

இது ஏதோ பத்துப் பேரை வைத்துச் செய்த பழைய ஆய்வு என்று தள்ளிவிடவும் முடியாது. 2012-ல் டைப் 2 நீரிழிவுள்ள 121 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குத் தினமும் குறைந்தது ஒரு கப் வேகவைத்த பயறு, மறு பாதிக்கு முழுக்கோதுமை உணவுகள் என்று மூன்று மாதம் கொடுத்தார்கள். ஏ1சி பயறுக்காரர்களுக்கு 0.5 குறைந்தது, கோதுமைக்காரர்களுக்கு 0.3. நம் வீடுகளில் தலைமுறையாக நடக்கும் சப்பாத்தி வழக்குக்கு இதைவிட நேரான தீர்ப்பு நான் பார்த்ததில்லை. கோதுமை தோற்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன், அதுவும் குறைத்திருக்கிறது. ஆனால் வெறும் உருளைக்கிழங்கு மசாலாவோடு நாலு சப்பாத்தி சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருக்கிறேன் என்று சொல்பவர், கொண்டைக்கடலைக் குருமாவோடு இரண்டு சாப்பிட்டால் கதை வேறு.

இன்னும் பெரிய அளவில், 2021-ல் ஐந்து கண்டங்களைச் சேர்ந்த 1,37,851 பேரைப் பத்து வருடத்துக்கு அருகே தொடர்ந்த ஆய்வை ஜென்கின்ஸ் முதல் ஆசிரியராக வெளியிட்டார். வேகமாக ஏறும் உணவை அதிகம் சாப்பிட்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், மரணம் ஆகியவை அதிகம். அதில் இந்தியர்களும் இருந்தார்கள். சென்னை டாக்டர் வி. மோகன் சக ஆசிரியர்களில் ஒருவர்.

எங்கள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி யாழ்ப்பாணத்துக்காரர், எழுபதைத் தாண்டியவர். இதையெல்லாம் வேலி ஓரமாக நின்று அவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தம்பி, நாங்கள் ஊரில காலமை கௌபி அவிச்சுத் தேங்காய்ப்பூப் போட்டுத்தானே சாப்பிட்டனாங்கள். இஞ்ச வந்தாப் பிறகுதான் பாண்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் யோசிக்கவும் வைத்தது. புலம்பெயர்ந்த நாட்டில் நம் தட்டில் என்ன நடந்திருக்கிறது? அரிசி மலிவு, மூட்டையாகக் கிடைக்கிறது. கறி மலிவு. நேரம் இல்லை. பயறு ஊறப்போட முந்தின நாளே யோசிக்க வேண்டும். ஆகவே அடை, சுண்டல், பருப்பு உசிலி, கொள்ளு, மொச்சைக் குழம்பு, அவித்த பயறு எல்லாம் விசேஷ நாளுக்குப் போய்விட்டன. சாம்பார் மிச்சம் இருக்கிறது. அதிலும் பருப்பை நிறத்துக்குத்தான் போடுகிறோம். இட்லி மாவிலும் அரிசி நாலு பங்கு, உளுந்து ஒரு பங்கு.

இதில் வேடிக்கை என்னவென்றால் உலகிலேயே மைசூர்ப் பருப்பு இனத்தை மிக அதிகமாக ஏற்றுமதி செய்யும் நாடு கனடாதான். சஸ்காட்செவான் வயல்களில் விளைந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் கப்பலில் போகிறது. கொழும்பில் ஒருவர் சாப்பிடும் பருப்புக் கறி நாங்கள் இருக்கும் நாட்டிலிருந்து போனதாக இருக்கலாம். இங்கே நாங்கள் கார்ன்ஃப்ளேக்ஸ் சாப்பிடுகிறோம்.

எனக்குக் கோபம் வருவது பாக்கெட் லேபிளைப் பார்க்கும்போதுதான். எங்கள் வீட்டுப் பாஸ்மதி மூட்டையில் 'சர்க்கரை: 0 கிராம்' என்று போட்டிருக்கிறது. பொய் இல்லை. ஆனால் அதைப் படித்து ஒரு சுகர்காரர் என்ன புரிந்துகொள்வார்? நிறைவுற்ற கொழுப்பு, சர்க்கரை, உப்பு அதிகமுள்ள பாக்கெட்டுகளின் முன்பக்கத்தில் எச்சரிக்கைச் சின்னம் போட வேண்டும் என்பது கனடாவில் 2026 ஜனவரி முதல் கட்டாயம். நல்ல சட்டம். மாவுச்சத்தின் வேகம் மட்டும் அதன் கண்ணில் படாது. ஆஸ்திரேலியாவில் குறைந்த ஜி.ஐ. உணவுக்கு முத்திரை இருக்கிறது. இங்கே ஹெல்த் கனடா 2013-லேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டது. எண் துல்லியமாக இல்லை, மக்களைத் தவறான தேர்வுக்குக் கொண்டுபோகலாம் என்பது அவர்களின் வாதம்.

அந்த வாதத்தில் பாதி எனக்கும் சரியென்றே படுகிறது. 1981 பட்டியலில் கேரட் 92 என்று வந்து, அதனால் பலர் கேரட்டையே ஒதுக்கினார்கள். பிந்தைய அளவீடுகளில் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. தவிர, 50 கிராம் மாவுச்சத்துக்கு முக்கால் கிலோவுக்குக் குறையாமல் கேரட் தின்ன வேண்டும், யார் தின்பார்? அரிசியிலும் ஒரே எண் கிடையாது. 2011-ல் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் சம்பந்தப்பட்ட ஆய்வு ஒன்றில் 235 அரிசி வகைகளைப் பார்த்தபோது 48 முதல் 92 வரை பரவியிருந்தது, சராசரி 64. அமைலோஸ் அதிகமுள்ள அரிசி மெதுவாக ஏறும், குழைகிற அரிசி வேகமாக ஏறும். ஒரே உணவு ஆளுக்கு ஆள் வேறாகவும் ஏறுகிறது. எல்லாம் சரி. ஆனால் எண் ஊசலாடுகிறது என்பதற்காக, அரிசிக்கும் பயறுக்கும் நடுவே இருக்கும் இவ்வளவு பெரிய பள்ளத்தை மறைக்க வேண்டுமா? துல்லியமான எண் வேண்டாம், 'மெதுவாகச் செரிக்கும்' என்று ஒரு சொல் போதும் எனக்கு.

வாட்ஸ்அப்பில் வருகிற சிறுதானியப் புராணமும் இங்கேதான் அடிபடுகிறது. கேழ்வரகோ கம்போ, நைசாக அரைத்துக் கூழ் காய்ச்சினால் நொதிக்குப் பாதி வேலையை நாமே செய்து கொடுத்துவிட்டோம். பழைய சோறும் அப்படித்தான். ஆறவைத்த சோற்றில் கொஞ்சம் மாவுச்சத்து மறுபடி இறுகிச் செரிக்காமல் போகும் என்பது உண்மை. 2015-ல் இலங்கையிலிருந்து சுதைர் ஜேம்ஸும் புஷ்பராஜா தவராஜாவும், தேங்காயெண்ணெய் விட்டுச் சமைத்து 12 மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்த சோற்றைப் பற்றிச் சொன்னது உலகம் முழுக்கச் செய்தியானது. ருசியான கண்டுபிடிப்பு. அதற்காக மூன்று தட்டுப் பழைய சோறு சாப்பிட அது அனுமதிச் சீட்டு ஆகாது.

நான் ஒரு மீட்டர் வாங்கி என் விரலிலேயே பார்த்தேன். நாலு இட்லி, தேங்காய்ச் சட்னி: ஒரு மணி நேரத்தில் 10.4. இன்னொரு நாள் அதே நாலு இட்லி, அதே சட்னி, கூடுதலாக ஒரு கிண்ணம் பாசிப்பயறு சுண்டல், முதலில் சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு: 8.7. இத்தனைக்கும் சாப்பாட்டின் அளவு கூடியிருக்கிறது! ஒரு உடம்பு, சில காலைகள். இதை யாரும் ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் என் உடம்பு என்பதால் எனக்கு அது போதுமானதாக இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமை மூன்று விதப் பயறு ஊறப்போட்டு, வேகவைத்து, டப்பாக்களில் ஃப்ரீஸரில் வைத்துவிடுகிறோம். முதல் இரண்டு வாரம் வயிறு ஊதும், சத்தமும் போடும். பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கு விருந்து வந்த கொண்டாட்டம் அது. வீட்டிலிருந்து வேலை செய்யும் வாரத்தில் ஆரம்பிப்பது ஆபீஸ் நண்பர்களுக்கும் நல்லது. இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். சர்க்கரை தாழ்ந்துபோனால் அதுவும் ஆபத்து.

ஜென்கின்ஸ் கொலஸ்ட்ராலுக்கும் ஒரு சாப்பாட்டு முறை வகுத்தார். 2003-ல் வந்த அந்த ஆய்வில் பாதாம், சோயா, ஓட்ஸ், பார்லி, தாவர ஸ்டீரால் இவற்றோடு வெண்டைக்காயும் கத்தரிக்காயும் இருந்தன. கெட்ட கொலஸ்ட்ரால் ஏறத்தாழ 29 சதவீதம் குறைந்தது. மாத்திரை சாப்பிட்ட குழுவுக்கு 31. வெண்டைக்காய் வழவழப்பை வதக்கி வதக்கிப் போக்குவதில் பெருமைப்படும் வீடுகள் கவனிக்கவும்.

கோடை வந்துவிட்டது, ஸ்கார்பரோ மண்டபங்களில் அரங்கேற்றமும் பிறந்தநாளுமாக வார இறுதிகள் நிரம்பிவிட்டன. ஃப்ரைட் ரைஸ், நூடுல்ஸ், ரோல்ஸ், பிரியாணி என்று மேசை நீளும், பருப்பு என்று ஒன்று கண்ணில் படாது. போன மாதம் எங்கள் நண்பர்கள் வட்டத்தில் ஒரு பிறந்தநாளுக்கு, கேட்டரிங்காரரிடம் ஒரு ட்ரே கொண்டைக்கடலைச் சுண்டல் சேர்க்கச் சொன்னோம். "பிள்ளையார் சதுர்த்தியா?" என்று கேட்டார். கொடுத்தார். பிள்ளைகள்தான் முதலில் காலி செய்தார்கள். எனக்கு அடுத்த ஏ1சி பரிசோதனை அக்டோபரில்.